தெர்மோலைசினுக்குப் பிறகும் ஆக்சிஜன் வருவது ஏன்?

பாலக்காட்டுச் சித்தூர் மாணவருக்கு,

பட்டாணிப் பசுங்கணிகங்களில் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்புகளில்) தெர்மோலைசின் என்ற புரதம் வெட்டும் நொதியைச் சேர்த்ததும், வெளியிலிருந்து புரதங்கள் உள்ளே வரும் இறக்குமதி நின்றுவிட்டது, ஆக்சிஜன் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது, சோதனை பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழையே இல்லை.

பசுங்கணிகத்தைச் சுற்றி வெளிச்சவ்வு, உட்சவ்வு என இரண்டு உண்டு; அந்த நொதி வெளிச்சவ்வைத் தாண்டாது. வரும் புரதங்களை இனங்காண வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டாக்159, டாக்34 என்ற ஏற்பிப் புரதங்களை மழித்துவிடுகிறது. புரதங்கள் நுழையும் வழியாகச் சவ்வில் புதைந்த டாக்75 துளை தப்பினாலும், உள்ளே வரவேண்டிய புரதத்தை இனங்காண ஆளில்லை. ஒளிச்சேர்க்கைக்கோ ஏற்கெனவே உள்ளே இருக்கும் புரதங்களே அப்போதைக்குப் போதும். நாள்கணக்கில் போதாது: டாக்159 இல்லாத அராபிடாப்சிஸ் (ஆய்வகச் சிறுசெடி) நாற்று வெளுத்தே முளைக்கிறது.

ஒளிச்சேர்க்கை தொடர உள்ளே வரவேண்டிய பாஸ்பேட்டும், அதில் உருவாகி வெளியேறும் சர்க்கரைச் சேர்மமான டிரையோஸ் பாஸ்பேட்டும் போய்வரும் பாதை வேறு. வெளிச்சவ்வில் ஓஇபி21 போன்ற பீப்பாய் வடிவக் கால்வாய்கள், உட்சவ்வில் தனிக் கடத்திப் புரதம். வெளிச்சவ்வு வெறும் சல்லடை என்று எழுதும் பாடநூல்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஓஇபி21 எதிர்மின் அயனிகளையே விரும்புகிறது, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி அதை அடைக்கவும் செய்கிறது.

தெர்மோலைசினுக்குக் கால்சியம் வேண்டும், ஆகவே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ சேர்த்து அதன் வேலையை நிறுத்துங்கள். இன்னொரு புரதம் வெட்டும் நொதியான டிரிப்சினை மாற்றாகப் போடாதீர்கள். அது வெளிச்சவ்வையும் கடந்துவிடும்.