உங்குரேயானு ஏன் கோபித்துக்கொண்டார்?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு சரக்குக் கப்பலில் மூன்றாம் இன்ஜினியர். சொந்த ஊர் தூத்துக்குடி. இந்தமுறை எங்கள் கப்பலில் ருமேனியர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். க்ரூ லிஸ்ட்டில் அவர்களுடைய குடும்பப் பெயர்கள்: இயொனெஸ்கு, மொல்டோவான், உங்குரேயானு, அமரியேய். ருமேனியர் என்றாலே பெயர் ‘எஸ்கு’ என்று முடியும் என்று நினைத்திருந்தேன். நான்கில் ஒன்றுதான் அப்படி இருக்கிறது.

பேச்சுவாக்கில் உங்குரேயானுவிடம், “நீங்கள் ஹங்கேரிக்காரர்தானே?” என்று கேட்டுவிட்டேன். மனிதர் முகம் மாறிவிட்டது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மொல்டோவானிடம் “மொல்டோவாவா?” என்று கேட்டால், “இல்லை, க்ளூஜ் பக்கம்” என்கிறார். அமரியேய் மட்டும் சிரித்துக்கொண்டே, “என் பெயரில் ஒரு பாட்டி இருக்கிறாள்” என்று சொன்னார். எனக்குப் புரியவில்லை.

நீங்கள் புக்கரெஸ்டில் சில காலம் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ‘எஸ்கு’ என்றால் ‘மகன்’ என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள், அது சரிதானா? ஊர்ப் பெயர்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அடுத்த மாதம் கான்ஸ்டன்ட்சாவில் இறங்கி அங்கிருந்துதான் விமானம் ஏறுகிறேன். அதற்குள் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் உங்குரேயானுவுக்கு ஒரு காபி போட்டுக்கொடுத்துச் சமாதானமாகிவிடுங்கள். நீங்கள் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டு அலுத்திருப்பார்.

ருமேனிய மொழியில் ‘உங்குர்’ என்றால் ஹங்கேரிய இனத்தவர். ‘உங்குரேயான்’ என்றால் ஹங்கேரி ஆண்ட பக்கத்திலிருந்து வந்தவர். முதலாவது இனம், இரண்டாவது திசை. கார்பேத்திய மலைக்கு வடமேற்கே இருக்கும் டிரான்சில்வேனியா பல நூற்றாண்டு ஹங்கேரிய முடியின் கீழும் பிறகு ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் வம்சத்து ஆட்சியிலும் இருந்தது. அங்கே வாழ்ந்த ருமேனிய விவசாயிகள் மலை தாண்டி, தெற்கே வலாக்கியா, கிழக்கே மொல்டாவியா என்று இருந்த ருமேனியச் சிற்றரசுகளுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். ஆட்டு மந்தையோடு வந்து தங்கிவிட்டவர்கள் உண்டு. வரிக்கும் பண்ணையடிமை வேலைக்கும் தப்பி வந்தவர்கள் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையோடு சேரச் சொல்லி வந்த நெருக்கடி தாங்காமல் கிளம்பியவர்களும் உண்டு. 1761இல் ஜெனரல் புக்கோவ் என்பவர் அங்கே ஆர்த்தடாக்ஸ் மடங்களை இடித்துத் தள்ளியது அந்த நெருக்கடியின் உச்சம். இப்படி வந்து சேர்ந்தவனை இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் எப்படி அழைப்பார்கள்? ‘உங்குரேயான்’, அந்தப் பக்கத்து ஆள். அதுதான் குடும்பப் பெயரானது.

ஆக, தான் ருமேனியன் என்பதற்காகவே அந்த மண்ணை விட்டு வர நேர்ந்த ஒருவர் உங்கள் நண்பரின் முன்னோராக இருந்திருக்கலாம். அவரிடம் போய் “ஹங்கேரிக்காரரா?” என்றால் மனம் சுணங்கத்தானே செய்யும்?

ஊர்களிலும் இந்தத் தடம் இருக்கிறது. உங்குரேனி என்றே பெயர் கொண்ட கிராமங்கள் உண்டு. கோர்ஜ் மாவட்டத்தில் நொவாச் என்ற சிறு நகரத்தில் மலை தாண்டி வந்த ஆட்டிடையர்கள் குடியேறிய பகுதிக்கு நொவாச்-ஸ்த்ரயினி என்று பெயர். ‘ஸ்த்ரயினி’ என்றால் அந்நியர்கள். பேச்சும் கோயிலும் ஒன்றுதான், ஆனாலும் அந்நியர்கள். பேரப்பிள்ளைகள் உள்ளூர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள், பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

இது புரிந்துவிட்டால் மொல்டோவானின் புதிரும் அவிழ்ந்துவிடும். மொல்டாவியாவில் எல்லோரும் மொல்டாவியர்கள்தான். அங்கே ஒருவனை மட்டும் ‘மொல்டாவியன்’ என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பது? அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ள அவன் வேறு சீமைக்குப் போக வேண்டும். அதனால்தான் மொல்டோவான் என்ற பெயர் க்ளூஜ், முரெஷ் என்று டிரான்சில்வேனியாவில் அவ்வளவு பெருகிக் கிடக்கிறது. ஆர்டெலேயானு என்றால் ஆர்டேயால்காரர், அதாவது டிரான்சில்வேனியர். ஒல்டேயானு ஒல்டேனியா சீமைக்காரர். முன்டேயானு மலைச்சீமைக்காரர். இந்தப் பெயர்களைத் தேசப்படத்தில் குறித்துக்கொண்டு போனால், யார் எங்கே இருந்தார்கள் என்று தெரியாது. யார் எங்கிருந்து கிளம்பி வந்தார்கள் என்று தெரியும். எனக்கு ருமேனியப் பெயர்கள்மேல் தீராத பிரியம் வந்தது இதனால்தான். விட்டுவந்த ஊரின் பெயரை, வந்துசேர்ந்த ஊர்க்காரர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

நான் புக்கரெஸ்டில் குடியிருந்த அடுக்குமாடியில் மாதாமாதம் தரைத்தளத்துப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். எந்த வீட்டுக்குத் தண்ணீருக்கு எவ்வளவு, குளிர்காலச் சூடாக்கத்துக்கு எவ்வளவு என்ற கணக்கு, வீட்டுக்காரர் பெயரோடு. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் அதைப் படிப்பேன். ஓலாரு என்றால் குயவர். மொரோரு மாவு அரைப்பவர். ரொட்டாரு வண்டிச் சக்கரம் செய்பவர். கொஜொக்காரு ஆட்டுத்தோல் மேலங்கி தைப்பவர். லுப்பு ஓநாய், உர்சு கரடி. என் ருமேனியப் பாடம் அங்கேதான் தொடங்கியது.

சரி, இயொனெஸ்குவுக்கு வருவோம். 1994 உலகக் கோப்பையில் ருமேனியா அர்ஜென்டினாவை 3-2 என்று வீழ்த்திய ஆட்டத்தைப் பின்னிரவில் விழித்திருந்து பார்த்தேன். சட்டையில் ஆட்டக்காரரின் பெயர் போடும் வழக்கம் உலகக் கோப்பைக்கு வந்தது அந்த ஆண்டுதான். அந்த அணியில் பெட்ரெஸ்கு, பொப்பெஸ்கு, டுமித்ரெஸ்கு, லுப்பெஸ்கு என்று வரிசையாக ‘எஸ்கு’கள். நானும் உங்களைப் போலவே நினைத்தேன், அது ‘மகன்’ என்று. முழுக்கத் தவறில்லை. ஆனால் ‘எஸ்க்’ என்பது ‘அதைச் சேர்ந்த’ என்று பொருள்தரும் ஒட்டு. ‘ரொமினெஸ்க்’ என்றால் ருமேனியருக்கு உரிய, ருமேனியத் தன்மையுள்ள. அதே மாதிரி இயொனெஸ்கு என்றால் ‘இயோனைச் சேர்ந்தவன்’. மகனாகவும் இருக்கலாம், பேரனாகவும் இருக்கலாம். பொப்பெஸ்கு என்றால் ‘பொப்பா’வைச் சேர்ந்தவன், அதாவது பாதிரியார் வீட்டு ஆள். ஆர்த்தடாக்ஸ் பாதிரிமார் கல்யாணம் செய்துகொள்பவர்கள், அதனால் இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

இந்த ‘எஸ்க்’கைப் பன்மையாக்கினால் இறுதியில் ஓர் ‘இ’ வந்து சேரும். அந்த ‘இ’ பட்டதும் ‘ஸ்க்’ என்பது ‘ஷ்ட்’ என்று திரிந்துவிடும். நம் புணர்ச்சி விதிபோல அவர்கள் மொழியில் இது ஒரு விதி. ஆக, ‘எஸ்கு’ ஓர் ஆள், ‘எஷ்டி’ பல ஆட்கள். புக்கரெஸ்டை ருமேனியர்கள் புக்குரெஷ்டி என்றுதான் சொல்வார்கள், கடைசி ‘இ’ காதில் விழுந்தும் விழாமலும். பொருள்: புக்கூரின் ஆட்கள். புக்கூர் ஓர் ஆட்டிடையன் என்பது ஊர்க்கதை. அவன் இருந்தானா என்பதற்குச் சான்று கிடையாது. ஆனால் புக்கூர் என்பது இன்றும் புழங்கும் பெயர், மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘புக்குரியே’ என்ற சொல்லோடு உறவுள்ளது. 1459 செப்டம்பர் 20 தேதியிட்ட ஆவணம் ஒன்றில்தான் ஊர்ப் பெயர் முதன்முதலாக வருகிறது. அதை வெளியிட்டவர் விளாட் த்செப்பேஷ், உலகம் டிராகுலா என்று அறியும் அதே மன்னர். அவருடைய அப்பா டிராகன் சங்கம் என்ற பிரபுக்களின் அமைப்பில் சேர்ந்து ‘டிராக்குல்’ என்ற பட்டப்பெயர் பெற்றார். அந்தக் கிளை முழுவதையும் ட்ரக்குலெஷ்டி என்றார்கள். அரியணைக்கு அவர்களோடு மோதிய பங்காளிகள், டான் என்பவரின் வழிவந்தவர்கள், டனெஷ்டி. ஊரானாலும் வம்சமானாலும் இலக்கணம் ஒன்றுதான்.

ஆள் பெயர் எப்படி ஊர்ப் பெயராகும்? வலாக்கியாவில் ‘மொஷ்னேனி’ என்று ஒரு வகைச் சுதந்திர விவசாயிகள் இருந்தார்கள். மொல்டாவியாவில் அவர்களை ‘ரசேஷி’ என்பார்கள். ‘மொஷ்’ என்றால் கிழவர், முன்னோர். ஊர் நிலமும் காடும் மேய்ச்சலும் ஒரு மூதாதையின் வழிவந்தவர்களுக்குப் பொது. உங்களுக்கு அதில் பங்கு உண்டா என்பதற்குப் பதில், நீங்கள் யாருடைய வழி என்பதுதான். ‘இன்னாரின் ஆட்கள்’ என்று ஊருக்குப் பெயர் வைப்பது அங்கே கிட்டத்தட்ட நிலப் பட்டா.

அப்புறம், அந்த ஊரிலிருந்து ஒருவன் வெளியே போனால் ஊர்ப் பெயரோடு ‘ஆனு’ சேரும். புக்கூர் என்ற ஆள், புக்குரெஷ்டி என்ற ஊர், புக்குரெஷ்ட்டேயானு என்ற ஆள். மூன்றும் உயிரோடு இருக்கும் பெயர்கள்.

ஆனால் ‘எஸ்கு’வை வைத்து யாருடைய வம்சத்தையும் அளக்காதீர்கள். ருமேனியாவின் தேசியக் கவி எமினெஸ்குவே பிறப்பில் எமினெஸ்கு இல்லை, எமினொவிச். 1866இல், பதினாறு வயதில், தன் கவிதையை ‘ஃபமிலியா’ இதழுக்கு அனுப்பினார். ஆசிரியர் யோசிஃப் வுல்கான் ஸ்லாவிய வாடையடித்த ‘ஒவிச்’சை எடுத்துவிட்டு ‘எஸ்கு’ போட்டு அச்சிட்டுவிட்டார். கவி அதையே கடைசிவரை வைத்துக்கொண்டார். ருமேனியப் பெயர் என்றால் ‘எஸ்கு’ என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே வேரூன்றிவிட்டது. குடும்பப் பெயரை மாற்ற முடியாதபடி நிலைப்படுத்திய சட்டம் அங்கே 1895இல்தான் வந்தது. அதுவரை ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு பெயரும் மகனுக்கு ஒரு பெயரும் இருப்பது சாதாரணம். டிரான்சில்வேனியாவிலோ பதிவேட்டை எழுதியதே வேறு அரசு. தெற்கே பொப்பெஸ்கு, மொல்டாவியாவில் பொப்பா, டிரான்சில்வேனியாவில் வெறும் பொப். உங்கள் மொல்டோவான் தெற்கே பிறந்திருந்தால் மொல்டொவேயானு ஆகியிருப்பார்.

அமரியேய் சொன்ன பாட்டியைக் கடைசிக்கு வைத்தேன், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ‘அ மரியேய்’ என்றால் ‘மரியாவுடைய’. அவ்வளவுதான் அந்தப் பெயர். அவர் வடக்கு மொல்டாவியா பக்கம் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். பொட்டொஷானி, சுச்சாவா, நேயாம்ட்ஸ் மாவட்டங்களில் இந்த வகைப் பெயர்கள் ஏராளம். அயொவானேய் என்றால் இயொவானாவுடைய, அக்காத்ரினேய் என்றால் காத்ரினாவுடைய, அயெலேனேய் என்றால் எலேனாவுடைய. கிராமத்தில் தெரியாத பிள்ளையைப் பார்த்தால் இன்றும் பெரியவர்கள் கேட்பது “அ குய் யெஷ்டி?” என்றுதான். யாருடைய பிள்ளை நீ? புருஷனை இழந்து தனியாகக் குடும்பத்தை நடத்திய பெண்ணின் பிள்ளை என்ன பதில் சொல்லும்? “மரியாவுடைய.” எழுத்தர் பேனாவை எடுத்தபோது அந்தப் பதிலை இடைவெளிகூட விடாமல் சேர்த்து எழுதிவிட்டார். ஆண் பெயர்களே நிறைந்த ஒரு பதிவேட்டில் அவள் இப்படி ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெரிய பிரபு குடும்பங்கள் எத்தனையோ பெயரற்றுப் போயின. மரியாவின் பெயர் உங்கள் க்ரூ லிஸ்ட்டில் கடலில் போய்க்கொண்டிருக்கிறது.

ஊரிலிருந்து ஆளுக்கும், ஆளிலிருந்து இன்னோர் ஊருக்கும் பெயர் தாவியதும் உண்டு. கம்யூனிஸ்ட் தலைவர் கியொர்கியு ரயில்வே எலக்ட்ரீஷியனாக இருந்தபோது தண்டனையாக டெஜ் என்ற ஊருக்கு மாற்றப்பட்டார். அது பெயரோடு ஒட்டி கியொர்கியு-டெஜ் ஆனார். 1965இல் அவர் இறந்ததும் ஒனெஷ்டி என்ற நகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1976 ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் பத்துக்குப் பத்து எடுத்த நாடியா கொமனெச் பிறந்த ஊர் அது. அவர் பிறந்தபோது ஒனெஷ்டி, வென்றபோது கியொர்கியு-டெஜ், இப்போது மறுபடி ஒனெஷ்டி.

நீங்கள் கான்ஸ்டன்ட்சாவில் விமானம் ஏறப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த விமான நிலையத்தின் பெயர் மிஹாயில் கொகல்னிச்சானு. பெயரில் அந்த ‘ஆனு’ இருப்பதைக் கவனியுங்கள். கொகில்னிக் என்பது ஓர் ஆறு, இன்றைய மொல்டோவா குடியரசிலும் உக்ரைனிலும் ஓடுகிறது. அந்தக் கரையிலிருந்து வந்த குடும்பம் கொகல்னிச்சானு என்று பெயர் பெற்றது. அதில் 1817இல் யாஷ் நகரத்தில் பிறந்தவர் மிஹாயில். ருமேனியாவில் ரோமா மக்களின் அடிமைத்தனத்தை ஒழிக்கப் போராடியவர், 1864இல் விவசாயிகளுக்கு நிலம் கொடுத்த சீர்திருத்தத்தை முன்னின்று நடத்தியவர், 1877இல் வெளியுறவு அமைச்சராக நாட்டின் விடுதலையை அறிவித்தவர். கான்ஸ்டன்ட்சாவுக்கு அருகே காரமுராத் என்ற துருக்கியப் பெயர் கொண்ட ஊருக்குப் பிற்காலத்தில் அவர் பெயரை வைத்தார்கள். ஊரிலிருந்து விமான நிலையத்துக்கு வந்தது. உங்கள் போர்டிங் பாஸில் மூன்று எழுத்துக் குறிதான் இருக்கும், கட்டடத்தின் முகப்பில் முழுப் பெயரும் இருக்கும். உங்குரேயானுவும் உடன் வந்தால் அதை அவருக்குக் காட்டி, “இவர் முன்னோர் எந்த ஆற்றங்கரை?” என்று கேளுங்கள். இந்தமுறை கோபித்துக்கொள்ள மாட்டார்.