ஊட்டிச் சரிவுக்கு மஞ்சப்பூ படர்செடி

ஏனுங்க, ஊட்டி வீட்டுச் சரிவுல மஞ்சப்பூ பூக்கற படர்செடி எது வைக்கலாம்னு கேட்டீங்களே, வெடிலியாங்கற படர்செடிய மட்டும் வாங்கிராதீங்க. கோயமுத்தூர் வெயிலுக்கு அது சூப்பராப் படருமுங்க, ஆனா நீங்க சொல்ற அந்த ஊட்டி வீட்டுல டிசம்பர் ஜனவரில புல்லு மேல உறைபனி படியுதுன்னா கருகிப்போயிரும், பனி படாத பக்கம் பாத்தீங்கன்னா வேலி தாண்டி ஓடிரும், பொறவு புடுங்கி மாளாது.

மேல்பக்கம் வெயில் விழற, கல்லு கலந்த எடத்துக்கு செடம் ஆக்ரிங்கற, சதைப்பத்தான எலை இருக்கற மஞ்சப்பூ படர்செடி வைங்க. 5-10 செ.மீ. ஒசரந்தான் வரும், பூக்கறப்ப தரையே தெரியாது, குளிரை நல்லாத் தாங்கும். அதுக்கு எமன் குளிரில்லீங்க, தேங்கற தண்ணிதான், அதனால ஆடி மழைக்கு முந்தியே மண்ணுல ஜல்லியும் மணலும் கலந்து தண்ணி வடியறாப்ல பண்ணிருங்க. உரமெல்லாம் வேண்டாம். கிள்ளி நட்டாலே வேர் விட்டுக்கும், ஒரு தட்டு நாத்து வாங்கிப் பிரிச்சு நட்டாப் போதும்.

மரத்தடி நெழலுக்கு ஹைபெரிக்கம் கலிசினம்ங்கற மஞ்சப்பூச் செடி வைங்க. முழங்கால் ஒசரம் வரும், பெரிய பெரிய பூவு, மண்ணுக்கடில வேர் ஓடிச் சரிவைப் புடிச்சுக்கும். அதுவும் பரவற சாதிதான், ஓரத்துல கல்லு பதிச்சு அடக்கி வைக்கோணும்.

இன்னொண்ணு, பக்கத்துக் காட்டுல மஞ்சளாப் பூத்துக் கெடக்குதேன்னு கார்ஸ், ஸ்காட்ச் புரூம்ங்கற புதர்ச்செடி ரெண்டையும் கொண்டாந்து நட்றாதீங்க சாமி. வெள்ளைக்காரன் காலத்துல வந்த அதுக நீலகிரிப் புல்வெளியை எவ்வளவு தின்னுருச்சுன்னு பாத்தா வயிறு எரியுது.

சரிவு எந்தத் திசை பாத்திருக்குதுங்க?