எவரெஸ்ட் அடிவார முகாம் நடைப்பயணம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நேபாளத்தின் லுக்லாவில் தொடங்கி, 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கும் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து திரும்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். சிகரம் ஏறுவது பற்றி இங்கே பேச்சில்லை, அது வேறு உலகம்.

சென்னை, 31 வயது, ஐ.டி. வேலை: அக்கா, ஆபீஸில் ஒன்பது நாள்தான் லீவு தருவார்கள். மாரத்தான் ஓடுகிறவன் நான். வேகமாக நடந்து முடித்துவிட முடியாதா?

கால் வலு இங்கே இரண்டாம் பட்சம் தம்பி. மெல்லிய காற்றுக்கு உடம்பு பழக நாள் எடுக்கும். அந்த நாளை எந்த ஓட்டப் பயிற்சியாலும் குறைக்க முடியாது. முகாம் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதாவது ஒவ்வொரு மூச்சுக்கும் ஆக்சிஜன் பாதி.

3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், நேற்றுத் தூங்கிய இடத்தைவிட இன்று தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது கணக்கு. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே ஊரில் இரண்டு இரவு தங்க வேண்டும். லுக்லா 2,860 மீட்டர். முதல் நாள் இறங்கி பாக்டிங், 2,610. அடுத்து நாம்சே பஜார், 3,440. ஒரே நாளில் 800 மீட்டருக்கு மேல் ஏறிவிடுவதால்தான் அங்கே இரண்டு இரவு. பிறகு தெங்போச்சே 3,860, திங்போச்சே 4,410 (இங்கும் இரண்டு இரவு), லோபுச்சே 4,910, கோரக்ஷெப் 5,164. எட்டாம் நாள் மதியம் முகாமைத் தொடுவீர்கள். இறங்க மூன்று நாள். காத்மாண்டு, விமானத் தாமதம் எல்லாம் சேர்த்தால் பதினைந்து பதினாறு நாள் ஆகும்.

உங்களை மாதிரி நல்ல உடல்தகுதி உள்ள இளைஞர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். மூச்சு வாங்காமல் வேகமாக ஏறிவிடுவார்கள், தலைவலி வந்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். ஒன்பது நாள்தான் என்றால் அன்னபூர்ணா அடிவார முகாம் போங்கள். உயரம் 4,130 மீட்டர், பொக்காராவில் இருந்து ஒரு வாரத்தில் போய்த் திரும்பலாம். அழகில் குறைச்சல் ஒன்றுமில்லை.

கோவை: வருடா வருடம் வெள்ளியங்கிரி ஏறுகிறேன். அந்தப் பழக்கம் போதுமா?

காலுக்குப் போதும், நுரையீரலுக்கு அது பயிற்சியே இல்லை. தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர், பக்கத்துக் கேரளத்தின் ஆனைமுடி 2,695. இரண்டுமே லுக்லா விமான நிலையத்தைவிடத் தாழ்வு. நம் ஊர் மலைகள் முடியும் உயரத்துக்கும் மேலேதான் அங்கே நடையே தொடங்குகிறது.

ஆனால் வெள்ளியங்கிரி இறக்கத்தில் தொடை நடுங்குமே, அந்த அனுபவம் உதவும். அங்கே மூங்கில் தடி, இங்கே இரண்டு ட்ரெக்கிங் கம்பு. முட்டியைக் காப்பாற்றுவது அதுதான். வெள்ளியங்கிரியை ஒரே மூச்சில் முடித்துவிட்டு மறுநாள் படுத்துக்கொள்ளலாம், இங்கே தினமும் ஐந்து முதல் எட்டு மணி நேரம் நடக்க வேண்டும். அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நீண்ட நடை வைத்துக்கொள்ளுங்கள். வார நாளில் ஆறு கிலோ பையோடு மாடிப்படி. மூன்று மாதம் செய்தால் போதும்.

திருச்சி: டயமாக்ஸ் மாத்திரை எல்லோரும் போட வேண்டுமா? கற்பூரம் முகர்ந்தால் போதும் என்கிறார்களே?

கற்பூரம் மூக்கைத் திறந்துவிட்டது போலத் தோன்ற வைக்கும், ரத்தத்தில் ஆக்சிஜனைக் கூட்டாது. பூண்டு சூப்பும் அப்படித்தான். சூடாக இருக்கும், வயிற்றுக்கு இதம், குடியுங்கள். மருந்து என்று நம்பி மேலே ஏறாதீர்கள்.

டயமாக்ஸ் (அசெட்டசோலமைடு) உடம்பு பழகுவதைக் கொஞ்சம் விரைவுபடுத்தும். தடுப்புக்கு வழக்கமான அளவு காலை 125 மில்லிகிராம், மாலை 125 மில்லிகிராம். மெதுவான அட்டவணையில் போகிறவர்கள் எல்லோருக்கும் அவசியமில்லை. முன்பு உயரத்தில் நோய் வந்தவர்களுக்கு டாக்டர்கள் சொல்வார்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல் நுனியில் குறுகுறுப்பு வரும், அடிக்கடி சிறுநீர் வரும், கோக், சோடா எல்லாம் வாயில் வைக்கவே முடியாத ருசியாகிவிடும். ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் மேலே வேண்டவே வேண்டாம்.

மதுரை: தலைவலி சாதாரணமானதா ஆபத்தானதா என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நன்றி. மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

உயரத்தில் தலைவலி வந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும்வரை அது மலைநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பசியின்மை, குமட்டல், அசதி, தூக்கம் வராமை இருக்கும். லேசாக இருந்தால் அதே ஊரில் தங்குங்கள், தண்ணீர் குடியுங்கள், பாராசிட்டமால் போடுங்கள். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகும். சரியாகும்வரை ஒரு அடி மேலே வைக்கக் கூடாது. அதிகமானால் இறங்க வேண்டும்.

இரண்டு நிலைமைகளில் யோசிக்கவே நேரமில்லை. ஒன்று, மூளை வீக்கம். ஆள் குழப்பமாகப் பேசுவார், ஷூ கயிறு கட்டத் தடுமாறுவார், சொன்னதையே சொல்வார். லாட்ஜ் தரையில் பலகைக் கோடு இருக்கும். அதன் மேல் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் முடிந்தது, உடனே கீழே. இன்னொன்று, நுரையீரலில் நீர் கோப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைக்கும், படுத்தால் கூடும், முற்றினால் இருமலில் இளஞ்சிவப்பு நுரை வரும். இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவதுதான். இரவானாலும் இறக்க வேண்டும், தனியாக அனுப்பக் கூடாது. ஆக்சிஜன், டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின் எல்லாம் இறங்குவதற்குத் துணை, மாற்று அல்ல.

பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ நிலையம் இருக்கிறது. 1973இல் இருந்து ஒவ்வொரு நடைப்பயண சீசனிலும் டாக்டர்கள் வந்து தங்குகிறார்கள், பிற்பகலில் மலைநோய் பற்றி ஒரு வகுப்பும் எடுப்பார்கள். திங்போச்சேயில் இரண்டாவது இரவு தங்கும் நாளில் நடந்து போய்க் கேட்டுவிட்டு வரலாம்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துப் பயந்துகொண்டிருக்காதீர்கள். கோரக்ஷெப்பில் 80ஐ ஒட்டி எண் காட்டுவது சகஜம். ஆள் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்.

திருப்பூர்: காத்மாண்டுவில் இருந்து லுக்லாவுக்கு நேராக விமானம் உண்டா?

சீசன் உச்சத்தில் பெரும்பாலான விமானங்கள் ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியில் இருந்து கிளம்பும். காத்மாண்டுவில் இருந்து அங்கே போக வண்டியில் நான்கைந்து மணி நேரம். நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, தூக்கக் கலக்கத்தில் விடியும்போது போய்ச் சேர்வீர்கள். அப்புறம் இருபது நிமிடத்துக்குள் லுக்லா. ஓடுபாதை 527 மீட்டர்தான், அதுவும் மலையை நோக்கிச் சரிவாக ஏறும், எதிரே பாறைச் சுவர். இறங்கும்போது சரிவு வேகத்தைக் குறைக்கும், கிளம்பும்போது அதே சரிவு வேகம் கொடுக்கும்.

மேகம் மூடினால் விமானம் கிடையாது. யாரிடம் சண்டை போட்டும் பயனில்லை. திரும்பி வரும் பக்கம் இரண்டு நாளாவது கையில் வைத்துவிட்டு காத்மாண்டு–சென்னை டிக்கெட் போடுங்கள். சாமான் மொத்தம் 15 கிலோ, கைப்பையும் சேர்த்து.

யாழ்ப்பாணம்: இலங்கையர்களுக்கு அனுமதிக் கட்டணம் எவ்வளவு? இந்தியர்களுக்கும் அதேதானா?

பாதை சாகர்மாதா தேசியப் பூங்கா வழியாகப் போகிறது. அதற்கு சார்க் நாட்டவருக்கு, அதாவது இலங்கையர்களுக்கும் இந்தியர்களுக்கும், நுழைவுக் கட்டணம் 1,500 நேபாள ரூபாய், வரி தனி. மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. மோஞ்சோ நுழைவாயிலில் கட்டலாம். இது போக, எவரெஸ்ட் அடிவாரப் பகுதியான கும்புவின் உள்ளாட்சி அமைப்பு, கும்பு பாசாங்லாமு ஊராட்சிக்கு ஒரு கட்டணம் லுக்லாவில் கட்ட வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அந்த ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசா இலவசம். இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். ஆதாரை மட்டும் நம்பி விமான நிலையம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்திய ரூபாய் ஒன்றுக்கு 1.60 நேபாள ரூபாய், இது நிலையான மாற்று விகிதம். நாம்சேயில் ஏ.டி.எம். உண்டு. அதற்கு மேல் ரொக்கம்தான், அதனால் நாம்சேயிலேயே கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம்: நாங்கள் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா? தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுமாமே, கிருமி சாகுமா?

சைவர்களுக்குத்தான் அங்கே நிம்மதி. கும்புப் பகுதியில் உயிர்க்கொலை செய்ய மாட்டார்கள். மேலே கிடைக்கும் இறைச்சி கீழிருந்து நாள்கணக்கில் சுமந்து வந்தது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் நாம்சேக்கு மேல் அதைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். தால் பாத் கேளுங்கள்: சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, கொஞ்சம் கீரை, ஒரு அப்பளம். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். நாலாவது நாள் ரசம் வேண்டும் போலிருக்கும், ஊறுகாய்ப் பாக்கெட்டும் பருப்புப்பொடியும் கொண்டு போங்கள்.

கோரக்ஷெப் உயரத்தில் தண்ணீர் 83 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கிருமி சாக அந்தச் சூடு போதும், மூன்று நிமிடம் விடாமல் கொதித்தால் சரி. குளோரின் மாத்திரையும் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் அது வேலை செய்ய நேரம் பிடிக்கும், போட்டவுடன் குடிக்காதீர்கள். நாளைக்கு மூன்று லிட்டர் உள்ளே போக வேண்டும்.

பெயர் வேண்டாம் என்ற சகோதரி: கழிப்பறை எப்படி இருக்கும்? மாதவிலக்கு வந்தால்?

கீழே ஓரளவு நன்றாகவே இருக்கும். லோபுச்சேக்கு மேல் காலையில் டிரம்மில் தண்ணீர் உறைந்து கிடக்கும். மேல்பனியைக் குவளையால் தட்டி உடைத்து மொண்டுகொள்ள வேண்டும். தரையில் சிந்திய தண்ணீரும் பனியாக இறுகியிருக்கும், ராத்திரி செருப்போடு போனால் வழுக்கும். ஷூவும் தலைவிளக்கும் இல்லாமல் போகாதீர்கள்.

உயரத்தில் மாதவிலக்கு முன்னே பின்னே வருவது சகஜம். தேதி இல்லையென்றாலும் நாப்கின் அல்லது கப் கையில் இருக்கட்டும். கப் என்றால் கை கழுவவே வெந்நீர் வாங்க வேண்டியிருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய நாப்கினைக் கட்டி நாம்சே வரை திருப்பிக் கொண்டு வாருங்கள், குழியில் போடாதீர்கள். தேதியைத் தள்ளிப்போட மாத்திரை எடுப்பதானால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சில ஹார்மோன் மாத்திரைகளுக்கு ரத்தம் உறையும் ஆபத்து உண்டு.

சேலம், 58 வயது, சர்க்கரை உண்டு: நான் வரலாமா மேடம்?

வயது தடையில்லை ஐயா. உங்கள் வயதில் மெதுவாக நடந்து அழகாக முடித்தவர்களோடு நடந்திருக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருந்து, இதயப் பரிசோதனையில் பிரச்சினை இல்லை என்று டாக்டர் சொன்னால் வரலாம். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், பகலில் சட்டைக்குள், இரவில் தூக்கப்பைக்குள். குளிரில் குளுக்கோமீட்டர் தப்பாகக் காட்டும், உடம்புச் சூட்டில் வைத்துவிட்டுப் பாருங்கள். இரவு படுக்குமுன் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

பெங்களூர்: கைடு கட்டாயமா? போர்ட்டர் வைப்பது பாவம் போல இருக்கிறதே.

2023 ஏப்ரலில் இருந்து கைடு கட்டாயம் என்று நேபாள அரசு அறிவித்தது. கும்பு ஊராட்சி அதைத் தங்கள் பகுதியில் அமல்படுத்தாமல் விட்டது. விதி மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் முன் விசாரியுங்கள். விதி எப்படியானாலும் முதல் முறை போகிறவர் தனியாகப் போக வேண்டாம் என்பது என் கட்சி. குழம்பிப் போன மனிதனுக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது.

போர்ட்டர் வைப்பது பாவமில்லை, அவர்களுக்கு அது சம்பளம். 40 கிலோ ஏற்றி அனுப்புவதுதான் பாவம். இரண்டு பேருக்கு ஒரு போர்ட்டர், மொத்தம் 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஜாக்கெட், ஷூ, காப்பீடு இருக்கிறதா, இரவு எங்கே தூங்குகிறார் என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். கேட்டாலே வேலை பாதி நடக்கும்.

ஈரோடு: ஹெலிகாப்டர் காப்பீடு அவசியமா?

அவசியம். பாலிசியில் இரண்டு வரி இருக்கிறதா என்று பாருங்கள்: 6,000 மீட்டர் வரை நடைப்பயணம், ஹெலிகாப்டர் மீட்பு. சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் இவை கிடையாது. இன்னொரு பக்கமும் உண்டு. லேசான தலைவலிக்கே பயமுறுத்தி ஹெலிகாப்டரில் ஏற்றி, காப்பீட்டுப் பணத்தைப் பங்கு போடும் மோசடி நடந்து, 2018இல் நேபாள அரசே விசாரணை வைத்தது. நடந்து இறங்க முடிகிற ஆளை நடத்தியே இறக்குங்கள்.

தூத்துக்குடி: முகாமில் இருந்து எவரெஸ்ட் தெரியுமா?

தெரியாது! உச்சியை மறைத்துக்கொண்டு மற்ற மலைகள் நிற்கும். கண்முன் இருப்பது கும்புப் பனியருவி (ஐஸ்ஃபால்), நீலமும் வெள்ளையுமாக உடைந்து விழுந்த பாளங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மஞ்சள் கூடாரங்கள் நிறைந்திருக்கும். அக்டோபர், நவம்பரில் பெரும்பாலும் கல்லும் கொடிகளும்தான், ஆனால் வானம் அதிகத் தெளிவு. எவரெஸ்ட்டைப் பார்க்க மறுநாள் விடியுமுன் கோரக்ஷெப்பை ஒட்டிய காலா பத்தர் குன்று ஏற வேண்டும், 5,500 மீட்டருக்கும் மேல். அந்த நேரத்தில் குளிர் மைனஸ் பதினைந்துகூடப் போகும். போன் பேட்டரி சட்டென்று செத்துவிடும், உள்சட்டைப் பையில் வையுங்கள்.

நாகர்கோவில்: யாக் மாடுகள் முட்டுமா?

கூட்டமாக மூட்டையோடு வரும்போது வழிவிடுங்கள். மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துக் கீழே தள்ளிவிடும். தொங்குபாலத்தில் எதிரே மணிச்சத்தம் கேட்டால் ஏறாமல் காத்திருங்கள்.