மருத்துவர் பதில்: துணி டயப்பரில் தங்கிவிடும் சோப்பு

கேள்வி: எங்கள் மகளுக்கு நான்கு மாதம் ஆகிறது. பெங்களூரு கே.ஆர்.புரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம்; ஆழ்துளைக் கிணற்று நீரும் டேங்கர் நீரும்தான் வருகின்றன. துணி டயப்பர்களைச் சோப்புக்கட்டியால் துவைத்து, கடைசியாகக் கிருமிநாசினி கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போடுகிறேன். இருந்தும் துணி அட்டைபோல் விறைத்துவிடுகிறது. குழந்தையின் புட்டமும் தொடையும் சிவந்திருக்கின்றன. துணி டயப்பரையே விட்டுவிடலாமா? ஈரத் துடைப்பான்களுக்குப் பதிலாகத் துணியைப் பயன்படுத்தலாமா? மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய வேட்டிகளும் இருக்கின்றன.

பதில்: துணி டயப்பரை நீங்கள் விட வேண்டியதில்லை, துவைக்கும் முறையை மட்டும் மாற்றினால் போதும். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது, துணியில் அழுக்கு தங்குவதைவிடச் சோப்பும் கிருமிநாசினியும் தங்குவதுதான் சிக்கல் என்று தோன்றுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து நீரில் கரையாத ஒரு படிவாக மாறி, நூலிழைகளில் ஒட்டிக்கொள்கின்றன. நன்றாகக் காய்ந்த டயப்பர் ஒன்றை மேசையில் விரித்து, அதன்மீது ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டுப் பாருங்கள். துணி அதை உடனே உறிஞ்சாமல், தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நின்றால் படிவு இருக்கிறது என்று பொருள். அத்தகைய துணி சிறுநீரையும் உறிஞ்சாது. அது குழந்தையின் தோலின்மீதே தேங்கி நிற்கும். மலத்திலுள்ள பாக்டீரியாக்கள் சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. காலையில் டயப்பரைக் கழற்றும்போது மூக்கில் ஏறும் நெடி அதுதான். அம்மோனியாவால் தோலின் காரத்தன்மை கூட, மலத்திலுள்ள செரிமான நொதிகள் வீரியம் பெற்றுத் தோலை அரிக்கின்றன.

ஆகவே, இருக்கும் டயப்பர்களைச் சோப்பே போடாமல் வெந்நீரில், நுரை வருவது நிற்கும்வரை மூன்று நான்கு முறை அலசி எடுங்கள். இனிமேல் மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். பிறகு வாசனையற்ற சலவைத்தூளை அளவாகப் போட்டு 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, குறைந்தது இரண்டு முறை அலசுங்கள். கடைசி அலசலுக்காவது மென்மையான நீர் கிடைத்தால் மிகவும் நல்லது. கிருமிநாசினித் திரவம் தேவையே இல்லை. துணியை மிருதுவாக்கும் திரவங்கள் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும் என்பதால் அவையும் வேண்டாம். நீர்புகா வெளியுறையை மட்டும் கொதிக்கவைக்காதீர்கள். அதன் படலம் கெட்டுவிடும். வெயிலில் உலர்த்துங்கள், மழைக்காலத்தில் பால்கனியில் ஈரம் போகவில்லையென்றால் இஸ்திரி போட்டு முழுதாக உலர்த்துங்கள். துணியை ஊறவைக்கும் வாளியை மூடியே வையுங்கள், ஏனெனில் தவழும் குழந்தை அதில் தலைகுப்புற விழுந்தால் கொஞ்சம் தண்ணீரே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

துடைப்பதற்குத் துணி மிகவும் நல்லது. மிருதுவான பருத்தித் துணியைக் கைக்குட்டை அளவில் வெட்டி, வெறும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பெண் குழந்தையாதலால் முன்னிருந்து பின்னாகவே துடைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். நனைத்த துணிகளை டப்பாவில் அடைத்து நாள்கணக்கில் வைக்காதீர்கள், கிருமி வளரும்.

தோல் ஆறுவதற்கு, ஈரமானவுடன் டயப்பரை மாற்றுவதும், நாளில் சில முறை பத்துப் பதினைந்து நிமிடம் திறந்தே விடுவதும், துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தாராளமாகப் பூசுவதும் போதும். முகப்பவுடர் வேண்டாம், குழந்தை அதை மூச்சோடு இழுத்துவிடும். உராயும் மேடான இடங்கள் மட்டும் சிவந்து, தொடை இடுக்கு தெளிவாக இருந்தால் இது சாதாரண எரிச்சல்தான். இடுக்கும் செக்கச்செவேலென்று சிவந்து, சுற்றிலும் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது கேண்டிடா பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தயவுசெய்து பூசாதீர்கள்; டயப்பருக்குள் அது கூடுதலாக உறிஞ்சப்பட்டுத் தோலை மெலியவைக்கும். மூன்று நாளில் குறையாவிட்டாலோ, சீழ்க்கொப்புளமோ காய்ச்சலோ வந்தாலோ, குழந்தையை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

மாமியார் கொண்டுவந்த வேட்டிகள் பழகிப்போன பருத்தி. கடையில் கிடைக்கும் எதைவிடவும் மிருதுவாக இருக்கும். ஆனால் அவை அந்துருண்டை போட்ட பெட்டியில் இருந்தவையா என்று அவரிடம் கேளுங்கள். நாப்தலீன் உருண்டையின் ஆவி துணியில் ஏறித் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் குழந்தையின் உடலுக்குள் செல்லும்; ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைத்து, இரத்தசோகையையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கும். உங்கள் மகளுக்கு அக்குறைபாடு உண்டா என்பது பரிசோதிக்காமல் தெரியாது. எனவே அவ்வேட்டிகளைச் சில நாள் வெயிலில் விரித்துப்போட்டு, வெந்நீரில் துவைத்து, முகர்ந்து பாருங்கள். இலேசாக நெடி வந்தாலும் அவற்றைக் குழந்தைக்குக் கிழிக்காதீர்கள்.