கடைப் பையன்கள் உண்மையைச் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்வது?

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் கடை வைத்திருக்கும் நீங்கள், "வீட்டில் என்னைச் சிடுமூஞ்சி என்கிறார்கள், கடையில் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள்.

"நான் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால், உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர் "ஒந்நுமில்ல சேட்டா" (ஒன்றுமில்லை அண்ணா) என்றுதான் சொல்வார். ஒரு சம்பவத்தைப் பிடித்துக் கேளுங்கள்: "நேத்து சாயங்காலம் கூட்டத்துல நான் பேசினதுல எதை மாத்திக்கலாம்?"

1955-ல் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரு உளவியலாளர்கள் உருவாக்கிய ஜோஹாரி சாளரம் இதற்கு உதவும். (இருவர் பெயரையும் ஒட்டி வைத்த பெயர்.) அதில் நம்மைப் பற்றிய விஷயங்களுக்கு நான்கு கட்டங்கள்: எல்லோருக்கும் தெரிந்தது, பிறருக்கு மட்டும் தெரிந்தது, நாம் மறைத்தது, யாருக்குமே தெரியாதது. உங்கள் சிக்கல் இரண்டாவது கட்டத்தில். ஆனால் திறக்க வேண்டியது மூன்றாவதை, அதுவும் நீங்கள் முதலில். "சரக்குக் கடன் கட்டுற நாள்ல எனக்குக் குரல் ஏறிடுது, உங்களுக்கும் அப்படித் தெரியுதா?" என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவருக்குத் தைரியம் வரும்.

பெரும்பாலும் கெடுவது பதில் வந்த பிறகுதான். "ஆனா அன்னைக்கு..." என்று விளக்கம் கொடுத்தால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொண்டு, "சொன்னதுக்கு நன்றி" என்று நிறுத்துங்கள். மறுநாள் அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவே கூடாது.

மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் சொன்னது அவர் மனத்தாங்கலாக இருக்கலாம். இருவர் சொன்னால் அங்கே தொடங்குங்கள். இரண்டு வாரம் அதை மட்டும் மாற்றிப் பார்த்து, அதே ஆட்களிடம் திரும்பக் கேளுங்கள்.