டாக்டரைக் கேளுங்கள்: பரம்பரை பிபிக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. அப்பாவுக்கும் இரண்டு சித்தப்பாக்களுக்கும் பிபி. பெரிய சித்தப்பாவுக்குப் பக்கவாதமே வந்துவிட்டது. நான் தாய்மாமனைக் கட்டியிருக்கிறேன். சொந்தத்தில் கட்டியதால் பிள்ளைகளுக்கு இரட்டிப்பாக வரும் என்று பயமுறுத்துகிறார்கள். ஜீன் டெஸ்ட் எடுக்க ஒரு லேபில் 12,000 ரூபாய் கேட்கிறார்கள். எடுக்கலாமா டாக்டர்?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டாம்மா. அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, மேல்கையில் சுற்றுகிற நல்ல பிபி மெஷினாக ஒன்று வாங்குங்கள்.

முதலில் உறவுக் கணக்கு. பிபி உங்கள் அப்பா வழி. கணவர் அம்மா வழி. அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே சொந்தம் இல்லையென்றால், சித்தப்பா வீட்டு ஜீன் உங்கள் கணவரிடம் எங்கிருந்து வரும்? சொந்தத்தில் கட்டுவதில் நான் பயப்படுவது தலசீமியா, பிறவிக் காது கேளாமை போன்றவற்றுக்கு. அங்கே அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பழுதான ஜீன் சேர வேண்டும். பிபி அந்த ரகமில்லை.

2018-ல் 10 லட்சம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வோடு, ரத்த அழுத்தத்தில் கை வைக்கும் மரபணு இடங்கள் சுமார் 900 ஆகிவிட்டன. பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஏற்றுவது ஒரு புள்ளிகூட இல்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்து, யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று ஜீன் டெஸ்டில் போடும் மார்க் காவேரிப்பட்டணத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆஞ்சியோடென்சினோஜன் என்று ஒரு புரதம். ரத்தக்குழாயை இறுக்கி, உப்பை உடம்பில் தேக்கும் வேலை அதில்தான் தொடங்குகிறது. அதன் ஜீனில் உள்ள ஒரு சின்ன வித்தியாசத்தை 1992-ல் பிபியோடு தொடர்புபடுத்தினார்கள். அந்த 'ஆபத்து' வடிவம் ஆப்பிரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும்பாலோரிடம் இருக்கிறது. அத்தனை பேருக்குமா பிபி?

ஒற்றை ஜீனால் வரும் பிபியும் உண்டு, லிடில் நோய் மாதிரி. அபூர்வம். 20 வயதில் 180 காட்டி, பொட்டாசியமும் குறைந்திருந்தால் டெஸ்டுக்கு நானே எழுதித் தருவேன்.

வீட்டில் ஜீனோடு சேர்ந்து உப்பும் பரம்பரையாக வருகிறது. களியில் உப்பு கம்மிதான். கூட வரும் கருவாட்டுக் குழம்பைச் சொல்லுங்கள்! ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? ஊறுகாயும் மாங்காய் சீசனில் தொட்டுத் தின்பதும் தனிக் கணக்கு.

ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளவு பாருங்கள். வெவ்வேறு நாட்களில் 140/90-ஐத் தாண்டினால் டாக்டரிடம் போங்கள். சித்தப்பா மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை வீட்டுக்கே வரும்.

கேள்வி: இந்துப்புக்கு மாறினால் பிபி இறங்குமாமே?
– வாசகர், பாலக்கோடு

பதில்: அதுவும் சோடியம் குளோரைடுதான் ஐயா. இறங்குவது உங்கள் பர்ஸ். பொட்டாசியம் கலந்த உப்பு என்று ஒன்று விற்கிறது, அது வேறு. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.