பழைய தேதியில் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: புளோரிடாவில் டாம்பா அருகே சொந்தமாக பார்மசி நடத்துகிறேன். பிபிஎம் (இன்சூரன்ஸ் சார்பில் மருந்துச் செலவை நிர்வகிக்கும் நிறுவனம்) அனுப்பிய ஆடிட்டர் வாடிக்கையாளர்கள் முன்னால் என்னை அவமானப்படுத்தினார். இப்போது முதல்கட்ட அறிக்கை வந்திருக்கிறது. 61 பிரிஸ்கிரிப்ஷனுக்கு 71,400 டாலர் திருப்பித் தர வேண்டுமாம். 38-இல் மருந்து வாங்கியவர் கையெழுத்து இல்லை, 14-இல் இன்சுலினுக்கு நாள்கணக்கு (எத்தனை நாளைக்கு வரும் என்பது) தப்பு, 9-இல் கோபே (நோயாளி தன் பங்காகக் கட்டும் தொகை) வாங்கிய ஆதாரம் இல்லை. எல்லா மருந்தும் நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய செயின் கடைகளை விட்டுவிட்டு எங்களைத்தான் குறிவைக்கிறார்கள். வழக்குப் போடலாமா? விட்டுப்போன கையெழுத்துகளை இப்போது வாங்கி, பழைய தேதி போட்டு லாகில் (மருந்து வாங்கியவர்கள் கையெழுத்திடும் பதிவேட்டில்) சேர்த்துவிடலாம் என்கிறார் டெக்னீஷியன்.

பதில்: உங்கள் கடைசி வரிதான் எனக்குப் பயம் தருகிறது. ஆடிட்டர் பேசிய விதமோ செயின் கடைகளோ இந்தத் தொகையில் ஒரு டாலரைக்கூடக் குறைக்காது. அதை விடுங்கள்.

பார்மசி ஆடிட்டுக்கான புளோரிடா சட்டம் 2022-இல் இன்சூரன்ஸ் சட்டத்துக்குள் மாற்றப்பட்டது; இப்போது பிரிவு 624.491. மருந்து முறையாகக் கொடுக்கப்பட்டிருந்தால், வெறும் எழுத்துப்பிழைக்காகப் பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை அதில் உண்டு. ஆனால் பிழை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்திருந்தாலோ, மோசடி என்று சொல்லப்பட்டாலோ, பணத்தைப் பிடித்தவர்களுக்கு உண்மையிலேயே நஷ்டம் ஏற்பட்டிருந்தாலோ அந்த உரிமை கிடையாது. மோசடி என்று சந்தேகிக்க ஆதாரம் இருந்தால் இந்தச் சட்டத்தின் எந்தப் பாதுகாப்பும் அந்த ஆடிட்டுக்குப் பொருந்தாது.

இன்று உங்களிடம் இருப்பது எழுத்துப்பிழை. லாகில் பழைய தேதி போட்டு ஒரு கையெழுத்தைச் சேர்த்தால் அதை நீங்களே மோசடியாக்கி அவர்கள் கையில் கொடுக்கிறீர்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் செய்தார். ஆடிட்டர் முதல் நாளே அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருந்தார். கேட்ட பணத்தைக் கட்டியிருந்தால் அவர் கடை பிழைத்திருக்கும். நெட்வொர்க்கிலிருந்து, அதாவது அவர்களுடைய இன்சூரன்ஸை ஏற்கும் கடைகளின் பட்டியலிலிருந்து, நீக்கினார்கள், கடையை மூட வேண்டியதாயிற்று. நல்ல மனிதர், மருந்தும் ஒழுங்காகக் கொடுத்தவர். இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த 61-இல் மெடிக்கேர் பார்ட் டி (முக்கியமாக முதியோருக்கான மத்திய அரசின் மருந்துக் காப்பீடு) எத்தனை என்று இன்றே பிரியுங்கள். மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் திட்டங்களுக்கு இந்த மாநிலச் சட்டம் பொருந்தாது. அங்கே பொய் ஆவணம் கொடுத்தால் அது கடன் பிரச்சினை அல்ல, மத்தியக் குற்றம். பொய்க் கோரிக்கைச் சட்டத்தில் நஷ்டத்தின் மூன்று மடங்கு வரை கேட்கலாம்.

அப்படியானால் 38 கையெழுத்துக்கு என்ன செய்வது? கார்டு ரசீது, டெலிவரிப் பதிவு எல்லாவற்றையும் திரட்டுங்கள். நோயாளிகளிடம் கடிதம் வாங்கலாம், ஆனால் அதில் கையெழுத்திடும் நாளின் தேதி இருக்க வேண்டும். ஏற்பார்களா என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இன்சுலினில் மருத்துவரின் பதிவுகளைக் கொண்டு உங்கள் பதிவை உறுதிப்படுத்தலாம், சட்டமே அனுமதிக்கிறது. தினசரி யூனிட் கணக்கைத் தெளிவாகச் சொல்லும் ஒரு கடிதத்தை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துக்கான பில் கோரிக்கை அனுப்பிய தேதியிலிருந்து 24 மாதத்துக்கு மேலானவற்றை அவர்கள் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். சில பிரிஸ்கிரிப்ஷனைப் பார்த்துவிட்டு மொத்தக் கணக்குக்கும் விகிதம் போட்டிருந்தால் அதுவும் செல்லாது.

கோபே ஒன்பதை மட்டும் சமரசமாக முடியுங்கள். வாங்கிய ஆதாரம் இல்லையென்றால் அதில் உங்களுக்கு வாதமே இல்லை. பார்ட் டி-யில் கோபேயை வழக்கமாக விட்டுக்கொடுத்தால் லஞ்சத் தடைச் சட்டம் வரை இழுக்கும். அதை நீட்டினால் அவர்கள் இன்னும் பழைய கணக்கைத் தோண்டுவார்கள். பணத்தைக் கொடுங்கள், பதிலுக்கு, குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, அதே காலத்துக்கு மறு ஆடிட் இல்லை, இதற்காக நெட்வொர்க்கிலிருந்து நீக்கமாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 71,400 போனாலும் கடை நிற்கும், நெட்வொர்க் போனால் நிற்காது.

வழக்கு பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். பெரும்பாலான பிபிஎம் ஒப்பந்தங்களில் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று இருக்கும், அதுவும் அவர்கள் ஊரில்.

அறிக்கை எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆவணம் கொடுக்க அன்றிலிருந்து 10 வேலை நாட்கள்தான். அந்த மின்னஞ்சலையோ உறையையோ எடுத்து வைத்துவிட்டு, முதலில் டெக்னீஷியனிடம் லாகைத் தொடக்கூடாது என்று சொல்லுங்கள்.